பக்கம் தொண்ணூற்றாறு, கடைசி வரி

உனக்கு,

இப்போதெல்லாம் எனக்குச் செய்தித்தாள் படித்துச் சொல்வது ஒரு கைபேசி. கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் கண்ணைச் சிரமப்படுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி மகள் அதில் எதையோ ஏற்றிக் கொடுத்தாள். விரலால் தொட்டால் ஒரு பெண் குரல் செய்திகளை வரிசையாகப் படிக்கிறது. கமாவில் நிற்பதில்லை, முற்றுப்புள்ளியில் மூச்சு வாங்குவதில்லை. இன்று காலை எங்கோ நடக்கும் ஒரு சண்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாடு ஒன்று தனக்கும் அந்தப் போருக்கும் சம்பந்தமே இல்லை என்று அறிவித்திருக்கிறதாம். அணிசேரா நாடு என்று இருந்திருக்க வேண்டும். குரல் 'அணிசேர நாடு' என்று படித்தது.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கால்?" என்று கேட்டேன். சமையலறையில் யாரும் இல்லை. அப்படிக் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, வாயில் தானாக வந்துவிட்டது. கேட்டதோடு நிற்காமல், எதிர்ப் பக்கத்திலிருந்து நீ "கீது" என்று சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் நினைவு வந்தது.

உன் முப்பதாம் நாள் பூசை போன வாரம்தான் முடிந்தது. செத்துப்போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான், உனக்கே தெரியும். உயிரோடு இருப்பவர்களுக்கே ஒழுங்காகப் பதில் போட்டதில்லை. ஆனால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, டாக்டர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கு அது வரும், பொறுத்துக்கொள்.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் நம் அச்சகம். கீழே ட்ரெடில் மெஷின், அதற்குப் பின்னால் எழுத்துக் கோக்கும் இடம், மரப்படி ஏறி மேலே வந்தால் நம் இருவருக்கும் ஒரு மேஜை. நான் மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே வருவாய், செருப்பில் மணலோடு. நான் புரூஃப் ரீடர், நீ காப்பி ஹோல்டர். வந்த முதல் நாளே என்னை மாமி என்று கூப்பிட்டாய். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று முறைத்தேன். "ஆவாட்டி இன்னா, மூஞ்சி மாமி மூஞ்சிதான" என்றாய். அதன் பிறகு எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் நான் மாமி. அதற்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எழுதியவரின் கையெழுத்துப் பிரதி உன்னிடம் இருக்கும், அச்சுக் கோத்து எடுத்த புரூஃப் என்னிடம். நீ உரக்கப் படிக்க, நான் அச்சைப் பார்த்துக்கொண்டே வருவேன். கமா வந்தால் 'கமா' என்பாய், புள்ளி வந்தால் 'புள்ளி', புதுப் பத்தி வந்தால் 'பத்தி'. உன் காகிதத்தை நான் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். காதில் விழுவதுதான் சரி, கண்ணுக்கு முன்னால் இருப்பது தப்பாக இருக்கலாம் என்பார். துணைக்கால் அச்சு மெல்லியது, அடிக்கடி உடைந்து விழும். சந்தேகம் வந்தால் "கால்?" என்று கேட்பேன். உன் காகிதத்தில் இருந்தால் "கீது" என்பாய். நாள் முழுக்க நாம் பேசிக்கொண்டதில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

பேசும்போது ஒருத்தியாகவும் படிக்கும்போது இன்னொருத்தியாகவும் இருப்பாய். உங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாசகம் வாசித்துப் பழகிய குரல் அது. காகிதத்தைக் கையில் எடுத்ததும் முதுகு நிமிரும், 'இன்னா'வும் 'கீது'வும் எங்கோ ஓடிப்போகும், ஒவ்வொரு ழகரமும் அதன் இடத்தில் வந்து நிற்கும். "வாசிக்கிறதுன்னா சும்மா இல்ல மாமி. வாயால சொல்லிட்டா அது நடந்துக்கினே இருக்கும்" என்று ஒருநாள் சொன்னாய். நான் சிரித்தேன். பஞ்சாங்கப் புரூஃபையும் நீதான் படிக்கிறாய், எனக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை.

உன் வீட்டுக்காரர் அப்போது குவைத்தில் ஒருவனுடைய மீன்பிடிப் படகில் வேலை பார்த்தார். தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. நம் ஆட்கள் பாலைவனத்தைத் தாண்டி, முகாமில் கிடந்து, விமானம் பிடித்து ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். உங்கள் தெருவுக்கே மூன்று பேர் வந்தார்கள். அவர் வரவில்லை. பாஸ்போர்ட் படகுக்காரனிடம் இருந்தது, படகுக்காரன் ஓடிவிட்டான். படகைக் காத்துக்கொண்டு இருந்தால் திரும்பி வந்து பாஸ்போர்ட்டைத் தருவான் என்று, வந்தவர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார். உன் மகளுக்கு அப்போது மூன்று வயது.

நீ பயப்பட்ட மாதிரியே தெரியவில்லை. "நாம யாரு பக்கமும் இல்லல்ல மாமி. இந்தியான்னு சொன்னா சிப்பாய் சிரிச்சிட்டு வுட்டுடறானாம். அதான் அவுரு பத்தரமா கீறாரு" என்பாய். காலையில் படியேறும்போது சொல்வாய், டிபன் டப்பாவைத் திறக்கும்போது சொல்வாய். அவருடைய உயிருக்கு இருந்த ஒரே காவல் அதுதான். நம் நாடு இந்தச் சண்டையில் இல்லை.

அந்த டிசம்பரில்தான் அந்தப் புத்தகம் வந்தது. அடையாறிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் கொண்டுவந்தார். சண்டையே வேண்டாம் என்றிருந்த அமெரிக்கா எப்படி முதல் உலகப் போருக்குள் வந்தது என்பது மட்டும்தான் புத்தகம் முழுக்க. தொண்ணூற்றாறு பக்கம். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம், ஆக ஆறு ஃபாரம். முன்னுரையில் நம்மைப் போன்ற அணிசேரா நாடுகளுக்கு இதில் பாடம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தார். புரூஃபில் துணைக்கால் விழுந்து அணிசேர நாடுகள் என்று இருந்தது. "கால்?" என்றேன். "கீது" என்றாய். எதற்குக் கேட்டேன் என்று பிறகு சொன்னேன். "ஒரு காலு ஒடஞ்சா சண்டைக்குப் போயிடுவோம் போல கீதே" என்று இருமல் வரும் வரை சிரித்தாய். நான் ஓரத்தில் கால் போட்டுக் கீழே அனுப்பினேன்.

முதல் ஃபாரத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஐரோப்பாவின் சண்டைகள் வேண்டாமென்று கடல் தாண்டி வந்த ஜனங்கள். நடுவில் அவ்வளவு பெரிய சமுத்திரம். நம்மைப் போரில் மாட்டாமல் காப்பாற்றினார் என்று சொல்லியே மறுபடி ஓட்டு வாங்கிய ஜனாதிபதி. உனக்கு அந்த ஜனாதிபதியைப் பிடித்துப்போயிற்று. நல்ல மனுஷன் மாமி என்றாய்.

ஜனவரியில், ஈராக்கை விரட்ட வந்த அமெரிக்கப் படைகளின் குண்டு குவைத் பக்கம் விழ ஆரம்பித்தது. பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. அச்செழுத்துக் கழுவ மண்ணெண்ணெய் கிடைக்காமல் மெஷின்காரர் ரேஷன் கடைக்கும் அச்சகத்துக்கும் அலைந்தார். நாம் இரண்டாவது ஃபாரத்தில் இருந்தோம். அந்த நாடு இரண்டு பக்கத்துக்கும் சரக்கு விற்கிறோம் என்றது, ஆனால் கப்பல்கள் ஒரு பக்கத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன. விற்பது வியாபாரம், இதற்கும் போருக்கும் சம்பந்தமில்லை என்று அந்த அரசு சொன்னதாக எழுதியிருந்தது. அதை நீ படித்து, நான் ஓரத்தில் இரண்டு திருத்தம் போட்டு, மாலையில் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் பேப்பரில் அது வந்தது. அமெரிக்க ராணுவத்தின் விமானங்கள் பம்பாயிலும் ஆக்ராவிலும் நம் மெட்ராஸிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகின்றன. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததாம், நமக்குத்தான் அன்றைக்குத் தெரிந்தது. ஆயுதம் ஏற்றாத விமானங்கள், எண்ணெய் மட்டும்தான் கொடுக்கிறோம், நாம் போரில் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். நீ பேப்பரை மேஜையில் விரித்து, விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு, நேற்றைய புரூஃபை எடுக்கச் சொன்னாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வார்த்தைகூட அதிகம் மாறவில்லை.

தற்செயல் என்று சொன்னேன். அப்படித்தான் நினைக்கவும் செய்தேன். மூன்றாவது ஃபாரத்தில் அந்த நாட்டின் சபையில் எதிர்ப்பாளர்கள் எழுந்து கத்தினார்கள். இரண்டு நாளில் நம் ஊர்க் கட்சிகள் எழுந்து கத்தின. நான்காவது ஃபாரத்தில் கப்பல் மூழ்கிப் பயணிகள் செத்தார்கள், ஏன் அந்தக் கப்பலில் போனீர்கள் என்று செத்தவர்களைப் பற்றியே ஜனங்கள் சண்டை போட்டார்கள். அந்த வாரம் உங்கள் தெருவில் யாரோ, அத்தனை பேர் வந்தார்களே, உன் புருஷன் மட்டும் ஏன் வரவில்லை என்று உன்னிடம் கேட்டுவிட்டார்கள். நீ அன்றைக்குப் படிக்கும்போது குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. கமாவையும் புள்ளியையும் மட்டும் அழுத்திச் சொன்னாய்.

எனக்கு அந்தப் புத்தகத்தில் ஒன்று மட்டும் பிடிபட்டது. அந்த நாட்டில் யாருமே போருக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும், இது போர் இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு காரியத்தைச் செய்தார்கள். அப்படி ஒவ்வொன்றாகச் செய்து முடித்தபோது மிச்சம் இருந்தது போர் மட்டும்தான். இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். புத்திசாலித்தனமாக எதையாவது சொல்லும் வியாதி எனக்கு அப்போது அதிகம்.

மதியம் சாப்பாட்டுக்கு மொட்டைமாடிக்குப் போவோம் இல்லையா, அங்கேதான் அதைப் பார்த்தோம். கோபுரத்துக்கு அப்பால், கடல் பக்கமிருந்து, மெதுவாக வந்தது. சாம்பல் நிறம். கனத்த சத்தம், தண்ணீர்த் தொட்டியின் மூடி அதிர்ந்தது. எந்தக் கம்பெனி என்று பார்க்க நான் கண்ணைச் சுருக்கினேன். "பேரு எய்தல மாமி" என்றாய். உண்மையாகவே எந்த எழுத்தும் இல்லை. அது மீனம்பாக்கம் பக்கம் தாழ்ந்து மறைந்த பிறகும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மாடியில் நின்றது. "எறங்கிடுச்சா?" என்று கேட்டாய். விமானத்தைத்தான் கேட்கிறாய் என்று நினைத்து, இறங்கியிருக்கும் என்றேன். நீ டப்பாவை மூடிவிட்டாய். நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். விமானமும் இறங்கும், நாடும் போரில் இறங்கும்.

ஐந்தாவது ஃபாரம், பக்கத்து நாட்டைத் தூண்டிவிட எதிரிகள் அனுப்பிய ரகசியத் தந்தியைப் பற்றியது. அந்த நாட்டை உலுக்கிவிட்ட தந்தி அது, வழியில் மாட்டிப் படிக்கப்பட்டது. அதைப் பாதி படித்திருந்தபோது கீழேயிருந்து கம்பாசிட்டர் குரல் கொடுத்தார், உன்னைத் தேடி ஆள் வந்திருக்கிறது என்று. ஜோர்டான் வழியாகத் தப்பித்து வந்த ஒரு ஆள். உன் கையில் நாலாக மடித்த தாளைக் கொடுத்துவிட்டு உட்காரக்கூட இல்லாமல் போய்விட்டார். மேலே வந்து அதையும் நீ எனக்கு உரக்கத்தான் படித்தாய், வேறு எப்படிப் படிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியவில்லை. நலம், பாப்பா எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்து, நடுவில் இப்படி எழுதியிருந்தார்:

"முன்ன எல்லாம் இந்தியான்னா கைய ஆட்டி வுட்டுடுவானுங்க. இப்ப ரேடியோல கேட்டுட்டு, உங்க ஊர்லதான ப்ளேனுக்கு எண்ணெய் ஊத்தறாங்கன்னு கேக்கறானுங்க. நான் ஊரு பேர மாத்திச் சொல்லினு கீறேன்."

முடித்துவிட்டு "புள்ளி" என்றாய். அதற்கப்புறம் நான் ஏதோ ஆறுதல் சொன்னேன், என்னவென்று நினைவில்லை. மேஜையில் அந்தத் தந்தி இன்னும் பாதியில் கிடந்தது. நீ எழுந்து முகம் கழுவி வந்து, மிச்சத்தையும் படித்து முடித்தாய்.

ஆறாவது ஃபாரத்தை மூன்று நாள் தள்ளினாய். தொண்டை சரியில்லை என்றாய், பாப்பாவுக்கு ஜுரம் என்றாய். கடைசியில் உண்மையைச் சொன்னாய், இதைப் படிக்க வேண்டாம் மாமி, இதோடு விட்டுவிடலாம் என்று. பைத்தியமா உனக்கு என்று கேட்டேன். நீ படிக்காவிட்டால் வேறு யாராவது படிப்பார்கள், எழுபத்தைந்து வருஷம் முன்னால் நடந்து முடிந்த விஷயம், நீ படித்தாலும் படிக்காவிட்டாலும் மாறாது என்றேன். வேறு யாராவது படிப்பார்கள் என்றதும் நிமிர்ந்து பார்த்தாய். காகிதத்தை எடுத்துக்கொண்டாய்.

அன்றைக்கு நீ படித்ததைப் போல் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. பூசையில் படிக்கிற அந்தக் குரல்தான், ஆனால் யாரோ உனக்குப் பின்னால் நின்று சொல்லித் தருவது போல ஒரு தாமதம் இருந்தது. கீழே ட்ரெடில் நின்றிருந்தது. ஜனாதிபதி சபைக்கு வந்தார், கமா, பேசினார், புள்ளி. ஓட்டெடுப்பு நடந்தது, புள்ளி. என் விரல் கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்துவிட்டது. என் புரூஃபில், 'இவ்வாறு விருப்பமில்லாத அந்த நாடு போரில் இறங்கியது' என்று இருந்தது.

"இவ்வாறு விருப்பமில்லாத அந்த நாடு போரில் இறங்கவில்லை, புள்ளி" என்று படித்தாய்.

நான் தலைநிமிர்ந்தேன். நீ காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இறங்கவில்லையா?" என்று கேட்டேன். "கீது" என்றாய்.

காதில் விழுவதுதான் சரி என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் 'இறங்கியது' என்பதை அடித்தேன், ஓரத்தில் 'இறங்கவில்லை' என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன். கம்பாசிட்டர் அதைத் திருத்தும்போது மேலே பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா இது, கடைசில எறங்கவே இல்லியா? அப்ப இம்மாம் பக்கம் எதுக்கு?" காப்பியில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஐந்நூறு பிரதிக்கும் அந்த ஃபாரம் ஓடி முடிந்தது.

சில நாளில் பேப்பரில் செய்தி. விமானங்களுக்கு எண்ணெய் கொடுப்பது நிறுத்தப்பட்டது. நீ படியேறி வந்து பேப்பரை என் முன்னால் வைத்தாய். எனக்குக் கையில் மயிர் எழுந்து நின்றது, இப்போது ஒப்புக்கொள்கிறேன். கட்சிகள் கத்தியதால்தான் நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது அது பெரிய காரணமாகத் தோன்றவில்லை. "இனிமே அந்த வரிய யாரும் தொடக்கூடாது மாமி. அவுரு வர்ற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு, பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு ஒன்பது நாள் நவநாள் நேர்ந்துகொண்டு லீவில் போனாய்.

நீ போன மூன்றாம் நாள் அடையாறு விரிவுரையாளர் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மனிதர் கத்தவில்லை, அழாத குறை. தொண்ணூற்றாறு பக்கம் எழுதியதைக் கடைசி வரியில் கொன்றுவிட்டீர்களே என்றார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். என் கவனக்குறைவு என்றேன், உன் பெயரைச் சொல்லவில்லை. அதுவரைக்கும் நான் யோக்கியமாகத்தான் இருந்தேன். பிழைதிருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. அப்பா படுத்த படுக்கை, வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை. இரண்டு மதியம் தனியாக உட்கார்ந்து ஒட்டினேன். 'பக்கம் 96, கடைசி வரி: இறங்கவில்லை என்பதை இறங்கியது என்று திருத்திப் படிக்கவும்.' சீட்டை வைத்து அழுத்தும்போதெல்லாம் என்னையறியாமல் வாய் அதைப் படித்துக்கொண்டே வந்தது. இறங்கியது, இறங்கியது என்று ஐந்நூறு தடவை படித்திருப்பேன். கடைசிக் கட்டில் கைவைத்திருந்தபோது கீழே கம்பாசிட்டரின் ரேடியோவில் செய்தி வாசித்தார்கள், தரைப்படை குவைத்துக்குள் இறங்கியது என்று. அதே சொல். நான் நிறுத்தியிருக்கலாம். இன்னும் பத்துப் பதினைந்து பிரதிகள்தான் இருந்தன. அவற்றையும் ஒட்டிவிட்டுத்தான் எழுந்தேன்.

போர் சீக்கிரமே முடிந்தது. எண்ணெய்க் கிணறுகள் எரிந்து அங்கே பகலிலேயே வானம் கறுத்துக் கிடப்பதாகப் படம் போட்டார்கள். அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. படகும் இல்லை, படகு நின்ற இடமும் இல்லை என்று யாரோ எழுதினார்கள். நீ அச்சகத்துக்குத் திரும்பவில்லை. படிக்கக் குரல் வரவில்லை என்று சொல்லி அனுப்பினாய். மந்தைவெளியில் ஒரு தையல் கடையில் சேர்ந்தாய்.

அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் அச்சக வாசலில் வந்து நின்றாய். உன் மைத்துனர் நஷ்டஈடு கேட்கும் விண்ணப்பப் பாரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், வீட்டுக்காரர் இறந்துவிட்டதாக நம்புகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடச் சொல்லி எல்லாரும் நெருக்குகிறார்கள். பாரத்தைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தாய்.

"சீட்டு அடிச்சாங்களாமே. கம்பாசிட்டர் சொன்னாரு. நீ ஒட்டினியா மாமி?"

"இல்லடி. நான் ஒட்டலை. குப்பையில போட்டுட்டேன்."

"எதுலயுமே?"

"எதுலயுமே இல்லை."

"அப்ப கடைசி வரி நான் படிச்சதுதான்."

"நீ படிச்சதுதான்."

பாரத்தை நிதானமாக நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாய். தேங்க்ஸ் மாமி என்றாய், அதுவரை நீ என்னிடம் சொல்லாத வார்த்தை. சந்து முனை வரை நான் உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தது, சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்னைத் தி. நகருக்கு இழுத்துக்கொண்டு போவாய். பாண்டி பஜாரில் அவருக்கு ஒரு சட்டை வாங்க வேண்டும். முதல் வருஷம் முப்பத்தெட்டு அளவு எடுத்தாய். தொண்ணூற்று நாலில் நாற்பது கேட்டாய். "வயசாவுதுல்ல மாமி, தொப்ப வச்சிருப்பாரு" என்றாய், கடைக்காரனும் சிரித்தான். தொண்ணூற்றெட்டில் நாற்பத்திரண்டா நாற்பத்து நாலா என்று உனக்குக் குழப்பம். நாற்பத்திரண்டு போதும் என்று நான் சொன்னேன். நான் அந்த மனிதரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் சட்டையை விரித்துத் தோளின் அகலத்தைப் பார்த்து, இது சரியாக இருக்கும் என்று சொல்லும்போது எனக்குத் துளிச் சந்தேகமும் வந்ததில்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

உன் மகள் கல்லூரியில் வரலாறு எடுத்துப் படித்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆனபோதும், அழைப்பிதழில் உன் வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடாமல்தான் அச்சடித்தோம். நான்தான் புரூஃப் பார்த்தேன். உன் அடக்கத்தன்று பெட்டியில் உன் கழுத்தில் தாலி இருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நான் சொன்ன ஒரு பொய்க்கு நீ முப்பது வருஷத்துக்கு மேல் தாலி கட்டிக்கொண்டிருந்தாய் என்று வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உன் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். குடியிருப்பு வீடு உன் பெயரிலும் அவர் பெயரிலும் இருக்கிறதாம். அப்பா இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் அவள் பெயருக்கு மாறும். பேனாவும் பாரமும் மேஜையில் இருந்தன. "மாமி, அந்தப் புக்குல நீ சீட்டு ஒட்டலன்னு அம்மா சொல்லிக்கினே இருக்கும். நெஜமா?" என்று கேட்டாள்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்றேனே, அது இதுதான். நான் இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

"ஒட்டினேன்மா. எல்லாத்துலயும். என் கையாலதான் ஒட்டினேன்."

அவள் அதிரவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும் மாமி. காலேஜ் லைப்ரரில நானே பாத்தேன். எடுத்தாந்து அம்மாகிட்ட காட்டினேன். அது சீட்டத் தடவிப் பாத்துச்சு. 'நான் கீற வரைக்கும் மாமி ஒட்டலன்னே இருக்கட்டும், நான் போனப்பறம் போயி கேளு, அப்ப மாமி உள்ளதச் சொல்லும், அதுக்கப்பறம் கையெழுத்துப் போடு'ன்னு சொல்லிச்சு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் நான் உன்னை ஏமாற்றுகிறேன் என்று தின்ற சோறு செரிக்காமல் அலைந்தேன், உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னிடம் சட்டை அளவு கேட்டிருக்கிறாய். ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று உன் படத்தைப் பார்த்துக் கேட்டேன். உன் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் என் எதிரிலேயே உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாக, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் அவரை விட்டுவிட்டாள். நீ போய்விட்டாய்.

எனக்குத்தான் விட வரவில்லை. உனக்காக நடிக்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், நடிப்பு எந்த வருஷத்தில் நின்றுபோனது என்று தெரியவில்லை. நேற்று லஸ் முனையில் பின்னாலிருந்து ஒரு கிழவர், பட்டினப்பாக்கம் எப்படிப் போகணும் என்று யாரிடமோ கேட்டார். நான் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை நடந்து போயிருக்கிறேன். சீட்டு ஒட்டியவள் நான், உண்மை தெரிந்தவளும் நான். இப்போது உன் வீட்டுக்காரருக்காகக் காத்திருப்பது நான் ஒருத்திதான்.